மாடியில் கண்ணாடி அறை: 2.4 லட்சமா, 5.7 லட்சமா? எந்த எஸ்டிமேட்டை நம்புவது?

லாஸ்பேட்டை மாடிவாசி எழுதியது:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் சொந்த வீடு, கீழே ஒன்று மேலே ஒன்று, அதற்கு மேல் மொட்டை மாடி. படிக்கட்டு ஏறி முடிகிற ஹெட்ரூம் சுவரை ஒட்டி 15 அடிக்கு 10 அடியில் ஒரு கண்ணாடி அறை போட ஆசை. பாதி இடம் அம்மாவின் செடித்தொட்டிகளுக்கு, மீதி என் சாய்வு நாற்காலிக்கு. இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது அக்காதான். பாரிஸ் பக்கம் இருக்கிறாள், போன வருஷம் வீட்டுப் பின்பக்கத்தில் இப்படி ஒன்று கட்டினாள். அங்கே அதற்குப் பெயர் வெராண்டாவாம். நாம் காற்று வாங்க உட்காரும் திறந்த இடத்தை வெராண்டா என்கிறோம், அவர்கள் காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். 20 சதுர மீட்டருக்குள் என்பதால் முன்கூட்டியே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், ஓர் அறிவிப்பு கொடுத்ததோடு சரி என்றாள். நம் பீச் ரோடு மேரி இல்லை, அவள் ஊர் மேரி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செலவு எவ்வளவு ஆகும் என்று இணையத்தில் தேடினால் இங்கிலாந்துத் தளங்கள்தான் வரிசையாக வருகின்றன. இப்படிப்பட்ட கண்ணாடி அறையைக் கன்சர்வேட்டரி என்று போட்டு, சைஸ் வாரியாக, கூரை வாரியாக அட்டவணையே இருக்கிறது. பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்தேன், அந்தக் காசுக்கு நம்மூரில் ஒரு சின்ன வீடே எழுப்பிவிடலாம். நம் நாட்டுத் தளங்களில் சதுர அடிக்கு 450 ரூபாயிலிருந்து 2,500 வரை என்று போட்டிருக்கிறார்கள். இது என்ன பதில்? மதுரைக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால் 50 கிலோமீட்டரிலிருந்து 500 வரை என்பது போல.

நேரில் மூன்று பேரைக் கூப்பிட்டேன். முதல் ஆள் 2,40,000 என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் அனுப்பினார். இரண்டாவது ஆள் 3,90,000, ஒரு பக்கம். மூன்றாவது ஆள் வந்து பார்க்கவே 2,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, நான்கு பக்கத்தில் படம் எல்லாம் போட்டு 5,70,000 என்கிறார். ஒரே மாடி, ஒரே சுவர், ஒரே 150 சதுர அடி!

என் கேள்வி இரண்டு. இந்தத் தளங்கள் போடுகிற எண்கள் எங்கிருந்துதான் வருகின்றன? நம்பும்படியான ஒரு எஸ்டிமேட்டை என்னைப் போல ஒன்றும் தெரியாத ஆள் எப்படி வாங்குவது?

உப்புக்காற்று எழுதியது:

கண்ணாடிக் கூரையா, அதுவும் லாஸ்பேட்டையிலா? ஏப்ரலில் உள்ளே மாவை ஊற்றி வைத்தால் இட்லி தானாக வெந்துவிடும்.

கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன். கடலூரில் என் மாமா வீட்டில் ஐந்து வருஷத்துக்கு முன் இப்படித்தான் ஆசைப்பட்டு பாலிகார்பனேட் ஷீட் போட்டு ஓர் அறை கட்டினார்கள். பகல் 11 மணிக்கு மேல் அதற்குள் ஆள் நிற்க முடியாது. இப்போது அத்தை அதில் வடகம் காயப்போடுகிறார். வடகம் அருமையாக வருகிறது, அதை மட்டும் குறை சொல்ல முடியாது.

எம்-புக் ஆசாமி எழுதியது:

தம்பி, எஸ்டிமேட் போடுவதுதான் 25 வருஷமாக எனக்குச் சோறு. முதலில் அந்த வெளிநாட்டுத் தளங்களைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவர்கள் செய்கிற வேலையை ஒழுங்காகப் புரிந்துகொண்டால் நம்மூர் கொட்டேஷனை எப்படிப் படிப்பது என்பதும் தானாக விளங்கிவிடும்.

அந்த எண்களுக்கு மூலம் மூன்று. ஒன்று, கட்டித்தரும் ஆட்களிடம் ஒரு கற்பனை அறையைச் சொல்லி விலை கேட்பது. இரண்டு, ஃபிரேம், கண்ணாடி விற்பவர்களின் விலைப்பட்டியல். மூன்று, கட்டி முடித்தவர்கள் கடைசியில் எவ்வளவு கொடுத்தோம் என்று சொல்வது. இதில் மூன்றாவதுதான் தங்கம், ஏனென்றால் கொட்டேஷன் வேறு, பில் வேறு. ஆனால் அதிலும் ஓட்டை உண்டு: ஜனங்கள் ஞாபகத்திலிருந்து சொல்லும்போது முழு எண்ணாக்கிவிடுவார்கள், எலக்ட்ரீஷியனுக்குத் தனியாகக் கொடுத்ததை மறந்துவிடுவார்கள். அதனால் சொல்லில் இல்லாமல் பில்லில் பார்த்த எண்ணா என்பது முக்கியம்.

நல்ல தளம் என்றால் தான் எந்த அறைக்கு விலை சொல்கிறோம் என்பதைச் சொல்லும். என்ன அளவு, பிளாஸ்டிக் ஃபிரேமா மரமா அலுமினியமா, கூரை பாலிகார்பனேட்டா கண்ணாடியா, இடுப்பளவு செங்கல் சுவர் உண்டா, அஸ்திவாரம் சேர்ந்ததா, அந்த ஊர் 20% வாட் வரி சேர்ந்ததா, எந்த மாதம் விசாரித்த விலை. இது எதுவும் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் மூடிவிட்டுப் போய்விடலாம். மூன்று தளத்தில் ஒரே எண் இருக்கிறதே, அப்போது சரியாகத்தான் இருக்கும் என்றும் ஏமாற வேண்டாம், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருப்பார்கள். இன்னொன்று, இவற்றில் பல தளங்களுக்கு வருமானமே உங்கள் போன் நம்பரைக் கட்டுகிற கம்பெனிக்குத் தள்ளிவிடுவதில்தான். அப்படிப்பட்ட இடத்தில் தொடக்க விலையைக் குறைத்துக் காட்டத்தான் கை போகும்.

பவுண்டை ரூபாயாக மாற்றியதை மட்டும் மறந்துவிடுங்கள். அவர்கள் கட்டுவது வேறு பொருள். குளிர் நாட்டில் கிடைக்கிற கொஞ்சம் வெயிலைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்ள இரட்டைக் கண்ணாடி போட்டுக் கட்டுகிறார்கள், அதுவும் தரையில். இங்கிலாந்தில் 30 சதுர மீட்டருக்குள் தரைமட்டத்தில் கட்டி, வீட்டுக்கும் அதற்கும் நடுவே வெளிக்கதவை அப்படியே விட்டிருந்தால் பெரும்பாலும் கட்டட விதிகளிலிருந்தே விலக்கு உண்டு. நீங்கள் கட்டப்போவது மூன்றாவது தளத்து உயரத்தில், வெயிலை வெளியே நிறுத்த, புயல் வருகிற கரையில். புதுச்சேரி 12 டிகிரி அட்சரேகை. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். உப்புக்காற்று சொன்ன இட்லிக் கணக்கில் தப்பே இல்லை.

இப்போது உங்கள் அறை. 150 சதுர அடி என்று எல்லாரும் தரையை அளக்கிறார்கள், ஆனால் காசு போவது தரைக்கு இல்லை. ஒரு பக்கம் ஹெட்ரூம் சுவர், மீதி மூன்று பக்கம் 15 + 10 + 10, ஆக 35 அடி. உயரம் சராசரி எட்டரை அடி வைத்தால் சுற்றுக் கண்ணாடி மட்டும் 297 சதுர அடி. சரிவும் வெளிநீட்டலும் சேர்த்துக் கூரை 175 என்று வையுங்கள். மொத்தம் 470 சதுர அடிக்கு மேல் மூட வேண்டும், தரையைப் போல மூன்று மடங்கு. இதே அறையை 20-க்கு 15 என்று பெரிதாக்கினால் தரை இரட்டிப்பாகி 300 ஆகும், ஆனால் சுற்றுக் கண்ணாடி 425 தான். அதனால்தான் சின்ன அறைக்குச் சதுர அடி விலை எப்போதும் ஏறி நிற்கும். 450 முதல் 2,500 வரை என்ற அந்தக் கேலிக்கூத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். ஒருத்தர் தரையின் சதுர அடியைச் சொல்கிறார், ஒருத்தர் கண்ணாடியின் சதுர அடியைச் சொல்கிறார், படிக்கிறவருக்கு இரண்டும் சதுர அடிதான்.

அப்புறம் எடை. கண்ணாடி ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோ. சுற்றிலும் 8 மில்லிமீட்டர் போட்டால் 550 கிலோ. கூரைக்கு 6-ம் 6-ம் ஒட்டிய லேமினேட்டட் என்றால் இன்னொரு 490 கிலோ. ஆக ஒரு டன், ஃபிரேமைச் சேர்க்காமல். இது உங்கள் ஸ்லாப்பின் எந்த இடத்தில் உட்காரும், கீழே பீம் இருக்கிறதா என்று மூன்று பேரில் யார் கேட்டார்கள்?

காற்றையும் பார்த்துவிடலாம். ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரவிதியின் மூன்றாம் பாகத்தில் புதுச்சேரிக்கு அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ, வடிவத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். உங்கள் கூரை 16 சதுர மீட்டர். தூக்கப்பார்க்கும் விசை இரண்டு டன்னுக்கு மேல் போகலாம். உள்ளே கூடான 10 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் மொத்தக் கூரையின் எடையே 30 கிலோவுக்குள்தான், அதைப் பிடித்து நிறுத்துவது தூணுக்கு அடியில் வைக்கும் பேஸ் பிளேட் என்கிற தகடும், அதை ஸ்லாப்பில் பிடிக்கும் ஆங்கர் போல்ட்டும் மட்டுமே. 2,40,000 கொட்டேஷனில் ஆங்கர் போல்ட் என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள்.

லாஸ்பேட்டை மாடிவாசி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. பார்த்தேன். அதில் போல்ட்டும் இல்லை, எந்த வார்த்தையுமே இல்லை. '15*10 கிளாஸ் ரூம் அலுமினியம் புல் பினிஷ் 2,40,000 அட்வான்ஸ் 50%', அவ்வளவுதான். ஸ்லாப், பீம் பற்றிக் கேட்டது 2,000 ரூபாய் வாங்கிய அந்த மூன்றாவது ஆள் மட்டும். அன்றைக்கு வந்து பார்க்கவே காசா என்று கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டேன். இப்போது கூச்சமாக இருக்கிறது.

செக்‌ஷன் கடைக்காரன் எழுதியது:

அண்ணா, நான் மஞ்சக்குப்பத்தில் அலுமினியம் பேப்ரிகேஷன் பண்ணுகிறேன். 2,40,000 சொன்ன ஆளை உடனே திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் தொழிலில் நடப்பது என்னவென்றால், கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேர் சும்மா விலை விசாரிப்பவர்கள். எல்லாருக்கும் உட்கார்ந்து அளவெடுத்துக் கணக்குப் போட்டால் கடையை யார் பார்ப்பது? அதனால் மனதில் ஒரு ரேட் வைத்திருப்போம், அதைப் பெருக்கிச் சொல்லிவிடுவோம், வேலை உறுதியானதும் 'இது தனி, அது தனி' என்று ஏற்றிக்கொள்ளலாம் என்று. நல்ல பழக்கம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

எங்கே வித்தியாசம் வருகிறது என்று உள்ளே இருந்து சொல்கிறேன். செக்‌ஷன் என்கிற அலுமினியச் சட்டத்தை நாங்கள் கிலோ கணக்கில் வாங்குகிறோம். 1.2 மில்லிமீட்டர் கனத்துக்கும் 2 மில்லிமீட்டருக்கும் உலோகம் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கூடும். பவுடர் கோட்டிங் அடித்த பிறகு கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் கொட்டேஷனில் செக்‌ஷன் கனம் எத்தனை, மீட்டருக்கு எத்தனை கிலோ என்று எழுதி வாங்குங்கள், சாமான் இறங்கும்போது ஒரு துண்டைத் தராசில் வைத்துப் பாருங்கள். வாங்குகிறவர்கள் இப்படிக் கேட்டால் எங்களில் நியாயமாகச் செய்கிறவனுக்குச் சந்தோஷம்தான், ஏனென்றால் மெல்லிய செக்‌ஷன்காரனிடம் விலையில் தோற்பது நாங்கள்தானே.

அடுத்தது வெட்டுச் சேதாரம். செக்‌ஷன் முழு நீளமாகத்தான் வரும். உங்கள் எட்டரை அடிக்கு 12 அடி நீளத்தில் வெட்டினால் ஒவ்வொன்றிலும் மூன்றரை அடி துண்டு விழும், அதற்கும் நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். உயரத்தை எட்டு அடியைவிட ஓர் அங்குலம் குறைவாக வைத்தால் 16 அடி நீளத்தில் இரண்டு துண்டு சேதாரமே இல்லாமல் வரும். இந்த அரை அடியை முதலிலேயே பேசினால் மிச்சமாவது உங்களுக்கு, பேசாவிட்டால் மிச்சமாவது எங்களுக்கு. மறைக்க என்ன இருக்கிறது.

டஃபன்டு கண்ணாடியை ஒருமுறை சூடேற்றிப் பதப்படுத்திவிட்டால் அப்புறம் வெட்டவோ துளை போடவோ முடியாது, தொட்டால் மொத்தமும் கற்கண்டு போல் உதிர்ந்துவிடும். அதனால் ஃபிரேம் நின்ற பிறகுதான் அளவெடுத்து ஆர்டர் கொடுக்க வேண்டும். அளவு தப்பினால் அந்தக் கண்ணாடி யார் தலையில் என்று கொட்டேஷனில் இருக்கட்டும், இதில்தான் சண்டை வரும். தலைக்கு மேல் போடும் கண்ணாடி லேமினேட்டட் தவிர வேறு எதுவும் வேண்டாம், உடைந்தாலும் நடுவில் இருக்கிற பிலிம் பிடித்துக்கொள்ளும். விலை கூடத்தான் செய்யும். வினிகர் வாடை அடிக்கிற மலிவு சிலிகான் அந்த ஓரத்தில் படவே கூடாது. கடல் காற்றுக்கு ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ்தான், கடலுக்குப் பக்கத்திலேயே என்றால் 316 கிரேடு. சாதா இரும்பு ஸ்க்ரூவை அலுமினியத்தில் போட்டால் இரண்டு மழைக்காலத்தில் தலை மட்டும் கையோடு வரும். ஸ்க்ரூ செலவு மொத்தத்தில் ஒன்றுமே இல்லை, ஆனால் விலை குறைக்கும்போது முதலில் கை வைப்பது அதில்தான்.

வாசல்கோலம் கடலூர் எழுதியது:

நான் தேவனாம்பட்டினம் பக்கம். இந்த விஷயத்தில் சூடு பட்டவள் என்பதால் எழுதுகிறேன், இரண்டு முறை பட்டவள்.

முதல் சூடு தானே புயல். 2011 டிசம்பர் 30 விடிகாலை. மாடியில் துணி காயப்போட, மழைக்கு ஒதுங்க என்று ஒரு ஷீட் கொட்டகை போட்டிருந்தோம், விலை மலிவாக முடித்துவிட்டோம் என்று அவருக்கு ஏகப் பெருமை. காலையில் மேலே போய்ப் பார்த்தால் நான்கு பைப் மட்டும் நிற்கிறது, ஷீட்டைக் காணோம். மூன்று வீடு தள்ளி ஒரு தென்னை மரத்தில் ஒன்று சொருகி நின்றது. ஆள் மேல் விழாமல் போனதே குலதெய்வம் புண்ணியம். அதனால் எம்-புக் ஐயா சொல்கிற போல்ட் கணக்கை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது சூடு பணத்தில். 2022-ல் அதே மாடியில் கண்ணாடி அறை கட்டினோம், உங்களுடையதைவிடக் கொஞ்சம் சின்னது. கொட்டேஷன் 3,10,000. முடித்தபோது 4,26,000. எனக்கு நோட்டுப் போட்டு எழுதுகிற பழக்கம் உண்டு, அதைப் பார்த்தே சொல்கிறேன். அதிகமாகப் போன 1,16,000-ல் 55,800 ஜிஎஸ்டி. கொட்டேஷன் அடியில் 'வரி தனி' என்று எறும்பு சைஸில் போட்டிருந்ததை நாங்கள் படிக்கவில்லை, 18% என்பது இவ்வளவு பெரிய எண் என்று அப்போது தோன்றவுமில்லை. தூண் நிற்கிற இடத்தில் தட்டு ஓட்டைப் பெயர்த்து, வேலை முடிந்தபின் நீர்க்கசிவுக்கு மருந்து கலந்து மறுபடி பதித்தது 28,000, அது 'சிவில் வேலை, எங்களுடையது இல்லை' என்றார்கள். வயரிங், ஃபேன், இரண்டு பாயின்ட் 17,000. கண்ணாடியைப் படியில் திருப்ப முடியாமல் வெளியே சாரத்தில் கயிறு கட்டி ஏற்றியது 9,000. அளவு தப்பிய ஒரு கண்ணாடிக்குப் பாதிப் பாதி என்று பேசி எங்கள் பங்கு 6,200. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். வெயில் தாங்காமல் அப்புறம் வாங்கிய மூங்கில் தட்டி 14,000, அதை இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் அவருக்குக் கோபம் வருகிறது.

கட்டியவர் யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வேலை சுத்தம்தான். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்கு எங்கள் பக்கமும் விடிய விடிய மழைதான், ஃபிரேம் அசையவில்லை. பழைய சுவரும் புதுக் கூரையும் சேர்கிற இடத்தில் மட்டும் ஒழுகியது. அந்த இணைப்புக்குத் தகடு மடித்து அடிப்பது கொட்டேஷனில் எங்குமே இல்லை என்று அப்புறம்தான் பார்த்தேன்.

இன்னொன்று. எங்களுக்குக் கொடுத்த கொட்டேஷன் 7 நாளுக்குத்தான் செல்லும் என்று போட்டிருந்தார்கள். அவசரப்படுத்தத்தான் அப்படிப் போடுகிறார்கள் என்று நினைத்தோம். நிஜமா?

எம்-புக் ஆசாமி எழுதியது:

வாசல்கோலம் அம்மா, உங்கள் நோட்டுக்கு ஒரு கும்பிடு. நூறு தளத்து அட்டவணையைவிட அந்த ஒரு பக்கம் மேல்.

7 நாள் விஷயத்தில் அவர்கள் மேல் தப்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2022 மார்ச்சில் லண்டன் உலோகச் சந்தையில் அலுமினியம் டன் 4,000 டாலரைத் தாண்டியது, உக்ரைன் போர் தொடங்கிய நேரம். அதே வருஷம் செப்டம்பர் கடைசியில் 2,200-க்கும் கீழே வந்துவிட்டது. ஆறேழு மாதத்தில் கிட்டத்தட்ட பாதி. மார்ச் விலையில் போட்ட எஸ்டிமேட்டும் செப்டம்பர் விலையில் போட்டதும் ஒன்றாக இருக்குமா? இதனால்தான் ஒரு விலைப்பட்டியல் எவ்வளவு நேர்மையாகத் தயாரித்தது என்றாலும் தேதி இல்லாவிட்டால் குப்பை. பொதுப்பணித் துறையில் ஷெட்யூல் ரேட் என்கிற விலைப்பட்டியலை அவ்வப்போது புதுப்பித்துக்கொண்டே இருப்பதும் அதற்காகத்தான்.

அந்த ரேட் எப்படி வருகிறது என்பதை மாடிவாசி தம்பி தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவர் கேட்ட இரண்டாவது கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி பொருத்த எத்தனை கிலோ செக்‌ஷன், எத்தனை ட்யூப் சிலிகான், ஃபிட்டர் அரை நாளா முக்கால் நாளா, ஹெல்பர் எவ்வளவு நேரம், ஏற்றுக்கூலி, சேதாரம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் அன்றைய விலையைப் போட்டு, மேலே லாபமும் மேல்செலவும் வைப்பார்கள். மத்திய பொதுப்பணித் துறைக் கணக்கில் அந்த இரண்டும் சேர்த்து 15%. இப்படிப் பிரித்து வைத்திருந்தால் நாளைக்கு அலுமினியம் மட்டும் ஏறினாலும் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், மற்றதைத் தொட வேண்டாம். மொத்தமாக '2,40,000' என்று வைத்திருக்கும் ஆளால் அது முடியாது, அவர் எல்லாவற்றையும் மறுபடி ஊகிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம் எங்களில் ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் உண்டு, வேலை முடிந்ததும் எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பில்லோடு ஒத்துப்பார்ப்பது. நான் முதல் பத்து வருஷம் அதைச் செய்யவே இல்லை. செய்ய ஆரம்பித்தபோது அவமானமாக இருந்தது, சொல்லப்போனால். கண்ணாடி, அலுமினியத்தில் நான் தப்பியதே இல்லை. தப்பியதெல்லாம் ஏற்றுக்கூலி, பெயர்த்துப் பூசுவது, குப்பை அள்ளுவது, பழைய சுவரோடு சேர்ப்பது. அம்மாவின் நோட்டிலும் வரியைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், அதேதான். முக்கியப் பொருளின் விலையில் யாரும் அவ்வளவாக ஏமாறுவதில்லை, இரண்டு ஆட்களின் வேலைக்கு நடுவில் இருக்கிற இடுக்கில்தான் காசு வழுக்கி விழுகிறது.

அதற்காக அம்மாவின் 4,26,000-ஐத் தம்பி அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு வீடு, அதுவும் 2022 விலை. அதில் எடுத்துக்கொள்ள வேண்டியது எந்தெந்த வரி விட்டுப்போயிற்று என்ற பட்டியலைத்தான்.

ஒன்று செய்யுங்கள். ஒரே தாளில் உங்கள் அறையை எழுதுங்கள்: நீள அகல உயரம், கண்ணாடி என்ன, எத்தனை மில்லிமீட்டர், செக்‌ஷன் கனம், கூரை என்ன, போல்ட், ஸ்க்ரூ கிரேடு, தகடு மடிப்பு, ஓடு பெயர்த்துப் பதிப்பது, ஏற்றுக்கூலி, வயரிங், வரி சேர்த்து. அந்தத் தாளையே மூன்று பேருக்கும் கொடுத்து ஒவ்வொரு வரிக்கும் எதிரே விலை எழுதச் சொல்லுங்கள். செய்ய மாட்டேன் என்கிற வரிக்கு 'இல்லை' என்று எழுதட்டும், காலியாக விட வேண்டாம். வரும் தொகைக்கு மேல் கையில் ஒரு 10% வையுங்கள், பழைய கட்டடத்தின் மேல் கட்டும்போது ஓட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பெயர்க்கும் வரை எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது.

கூரைக்கு மட்டும் என் அபிப்பிராயம் ஒன்று: கண்ணாடி வேண்டாம், பஃப் பேனல் போடுங்கள். நடுவில் நுரை வைத்த தகடு, எடை குறைவு, வெயில் இறங்காது. கிழக்கிலும் வடக்கிலும் கண்ணாடி இருந்தால் வெளிச்சம் தாராளம். அப்புறம் பி.பி.ஏ., அதாவது புதுச்சேரி பிளானிங் அத்தாரிட்டி அலுவலகத்தில் அனுமதி பற்றி நீங்களே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள், ஃபிட்டர் 'அதெல்லாம் ஒண்ணும் கேக்க மாட்டாங்க சார்' என்பார், அதை எஸ்டிமேட்டில் எழுதித் தரச் சொன்னால் தரமாட்டார்.

லாஸ்பேட்டை மாடிவாசி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஐயா சொன்னபடி தாளைத் தயார் செய்து மூன்று பேருக்கும் அனுப்பினேன். உயரத்தை 7 அடி 11 அங்குலமாக்கினேன், கடைக்காரத் தம்பிக்கு நன்றி. கூரை பஃப் பேனல். அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, செடிக்கு மேல் வெளிச்சம் வேண்டும் என்றார், மே மாதம் மாடியில் பட்டுப்போன இரண்டு ஆர்க்கிடை ஞாபகப்படுத்தியதும் சரி என்றார்.

வந்த விலைகள், எல்லாம் வரி சேர்த்து: 2,40,000 சொன்னவர் இப்போது 3,65,000. தாளைப் பார்த்ததும் போன் செய்து 'யார் சார் எழுதிக் கொடுத்தது' என்றார். 3,90,000 சொன்னவர் 4,10,000. நான்கு பக்கக்காரர் கண்ணாடிக் கூரை போனதால் 5,70,000-லிருந்து 4,60,000-க்கு இறங்கிவிட்டார். முன்பு இரண்டு மடங்குக்கும் மேல் இருந்த வித்தியாசம் இப்போது கால் பங்குதான்.

முதல் ஆள் வயரிங்குக்கும் ஓடு பதிப்பதற்கும் 'இல்லை' என்று எழுதியிருக்கிறார், அதை வெளியில் விசாரித்துச் சேர்த்தால் அவரும் இரண்டாவது ஆளும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூன்றாவது ஆள் பேஸ் பிளேட்டுக்கு அடியில் பீம் வரை துளை போட்டுப் பிடிப்பதாக வரைந்திருக்கிறார், மற்ற இருவரும் ஸ்லாப்பிலேயே நிறுத்துகிறார்கள். கூடுதல் 50,000-ல் எவ்வளவு இதற்கு, எவ்வளவு அவருடைய படத்துக்கு என்று வரியைப் பார்த்தால் தெரிகிறது, 18,000 இதற்கு. இந்த 18,000-ஐ மட்டும் இரண்டாவது ஆளிடம் கொடுத்து அதே மாதிரி செய்யச் சொல்லலாமா, அல்லது படம் போட்டவரிடமே போவது நியாயமா என்று வீட்டில் இன்னும் பேச்சு ஓடுகிறது. அக்கா வீடியோ காலில் அவருக்கே கொடு என்கிறாள். பி.பி.ஏ.வில் திங்கள்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

செக்‌ஷன் கடைக்காரன் எழுதியது:

படத்தை வாங்கி இன்னொருத்தரிடம் செய்யச் சொல்வதாக இருந்தால், படம் போட்டவருக்கு அதற்கு உண்டான காசைக் கொடுத்துவிட்டு வாங்குங்கள் அண்ணா. 2,000 பார்த்ததற்குத்தான் கொடுத்தீர்கள்.

உப்புக்காற்று எழுதியது:

பஃப் பேனலா? அப்போ இட்லியும் இல்லை, வடகமும் இல்லை. சரி, சாய்வு நாற்காலியாவது போடுங்கள்.